மும்மடங்கும் உச்சக் குரலும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவரை மயங்கவைக்கும் சொற்களுள் 'ட்றெபிள்' என்பதும் ஒன்று. அகராதியைப் புரட்டினால் 'மும்மடங்கு' என்று ஒரு பொருளும், 'இசையிலே உயர்ந்த குரல்' என்று மற்றொரு பொருளும் காணப்படும். ஒன்று எண்ணைப் பற்றியது. மற்றையது ஒலியைப் பற்றியது. மூன்றுக்கும் உச்சத்துக்கும் என்ன உறவு? நம் மாணவர் கைகளிலே உள்ள சிறிய அகராதிகள் அதனை விளக்குவதில்லை. இரு பொருளையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன.

சில ஆண்டுகளின் முன் உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு, செகப்பிரியரின் 'அஸ் யூ லைக் இற்' நாடகத்திலே மனித வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்துரைக்கும் புகழ்பெற்ற பகுதியைத் தமிழாக்குமாறு கொடுத்திருந்தேன். ஆறாம் பருவத்திலே, முதுமையெய்திய ஒருவனது ஆண்மை மிக்க பெருங்குரல் மீண்டும் குழந்தைக் குரலாகத் திரும்புகின்றது என்று கவிஞர் காட்டுகின்றார். அவ்விடத்தில் அவர் கையாண்ட சொல் 'ட்றெபிள்'. ஒரு மாணவர், "கிழவனின் குரல் குழந்தையினுடையதைப் போன்று மும்மடங்காயிற்று" என எழுதிவந்தார். வகுப்பு நகைத்தது. உண்மையில் நகைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அவர் அகராதியை நம்பினார்; அகராதியும் பொய்யுரைக்கவில்லை. ஆனால் விளைவு யாது? மெலிந்து, நடுங்கி, சீழ்க்கைபோல ஒலிக்கும் ஒரு குரல் முழக்கமாக மாறிவிட்டது. ஒரு சொல் இடம் பெயர்ந்ததனால் ஒரு முதியவரின் உருவமே நம் கண்முன் வேறாகிவிட்டது. அன்று தொடக்கம் இச்சொல்லின் பிறப்பு வளர்ப்பை அறியவேண்டுமென்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

சொல்லின் வடிவத்தை முதலில் நோக்குவோம். இலத்தீன் மொழியிலே 'திரிப்லுஸ்' என்பது மும்மடங்கைக் குறிக்கும். உரோமப் பேரரசு சிதைந்தபின், பேச்சு வழக்கிலே இலத்தீன் உருமாறிப் பிரெஞ்சாகியபோது, நடுவில் நின்ற பகரம் மெலிந்து, இகரம் எகரமாகி, அது 'ட்றெபிள்' என்ற வடிவைப் பெற்றது. இருமடங்கைக் குறிக்கும் 'துப்லுஸ்' என்பதும் இவ்வழியாலேயே 'டபிள்' ஆயிற்று. பிரெஞ்சு பேசிய நோமானியர் 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், இவ்வகைச் சொற்கள் திரள் திரளாக ஆங்கிலத்துட் புகுந்தன. பிற்காலத்திலே கற்றோர் இலத்தீனை நேரே நோக்கி அதே சொல்லை மறுபடியும் எடுத்தாண்டனர், அதுவே 'ட்றிப்பிள்'. ஆகவே ட்றெபிளும் ட்றிப்பிளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தது தெருவழியே நடந்து வந்தது; இளையது ஏட்டின் வழியே வந்தது.

இவ்விரண்டும் வருமுன் ஆங்கிலேயர் மும்மடங்கை எவ்வாறு கூறினர்? 'த்ரீஃபோல்ட்' என்ற தம் சொந்தச் சொல்லாற் கூறினர். இங்கேதான் வியப்பு. இலத்தீனிலே சொன்முதலில் தகரம் நிற்குமிடத்து ஆங்கிலம் முதலிய செருமானிய மொழிகளில் நாநுனி பல்லைத் தீண்டும் உரசொலியும், பகரம் நிற்குமிடத்துக் கீழுதடு பல்லைத் தீண்டும் உரசொலியும் வருதல் வழக்கம். 1822ஆம் ஆண்டில் இம்மாற்றத்தை ஒழுங்குபடுத்தி உரைத்தவர் ஜாக்கொப் கிரிம். தம் தம்பியோடு சேர்ந்து குழந்தைக் கதைகளைத் திரட்டிய அந்தக் கிரிம் தாம். அவ்விதிப்படி நோக்கின் 'திரி' என்பது 'த்ரீ' ஆகின்றது. 'ப்லுஸ்' என்ற பின்பகுதியும் 'ஃபோல்ட்' என்பதும் மடித்தல் என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எனச் சொற்பிறப்பு ஆராய்வோர் பெரும்பாலும் கொள்வர். அங்ஙனமாயின் த்ரீஃபோல்ட், ட்றெபிள், ட்றிப்பிள் ஆகிய மூன்றும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே வீட்டிற் கூடிய உறவினர் ஆகின்றன. மும்மடங்கு என்ற கருத்துக்கே மூன்று சொற்கள்!

தமிழ் இம்மொழிக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. எனினும் நாமும் 'மும்மடங்கு' என்றே சொல்லுகின்றோம். மடங்கு என்பது மடங்குதலிலிருந்து வந்தது. 'மும்மடி' என்பதிலும் மடித்தலே உண்டு. ஓலையையோ சீலையையோ மூன்றாக மடித்தவன் கண்டதைத்தான் உரோமனும் கண்டான், தமிழனும் கண்டான். இதிலே கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. மனித மனம் ஒரே விதமாக வேலை செய்ததற்கு ஒரு சான்று என்று மட்டும் கொள்க.

இனி உச்சக் குரல் என்ற பொருளுக்கு வருவோம். இதனைப் பற்றி நண்பர்களோடு உரையாடிக்கொண்டிருந்தபோது பௌதிகம் கற்பிக்கும் ஒருவர் ஓர் ஊகத்தை வெளியிட்டார். அதிர்வெண் மிகுந்தால் ஒலி உயரும். ஆகையால் மும்மடங்கு அதிர்வுடைய ஒலியே ட்றெபிள் எனப்பட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து. கேட்பதற்கு இனிமையான விளக்கந்தான். ஆயின் இது பொருந்தாது. அதிர்வுகளை எண்ணிக் கணக்கிடும் முயற்சி, மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1636ஆம் ஆண்டளவில் வெளியிட்ட நூலோடுதான் நிலைபெற்றது; ஆங்கிலத்திலே 'ட்றெபிள்' இசைச் சொல்லாக வழங்கத் தொடங்கியதோ 14ஆம் நூற்றாண்டில். தந்தியின் நீளத்தை அளக்கும் முறை பழங்கிரேக்கர் காலத்திலேயே இருந்தது உண்மை. ஆனால் ஒரு தந்தியை மூன்றிலொன்றாகக் குறுக்கினால் எழுவது மேல் ஸ்தாயிப் பஞ்சமம் என்ற ஒரு தனிச் சுரம்; உயர்ந்த குரல்வகை முழுவதற்கும் அதனைப் பெயராக வைப்பார் யார்?

விடையைத் தேடிப் பாரிஸ் நகருக்குச் செல்லவேண்டும். அங்கே 1163ஆம் ஆண்டளவிலே நோத்ர தாம் பேராலயத்தைக் கட்டத் தொடங்கினர். 2019இல் தீப்பற்றி எரிந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதே அவ்வாலயம். கல்லின் மேற் கல்லாகச் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்த அந்நாட்களில், உள்ளே பாடியோர் குரலின் மேற் குரலை அடுக்கிக்கொண்டிருந்தனர். அதற்கு முன் திருச்சபையின் பாடல் பெரும்பாலும் ஒற்றை இழையாகவே ஓடிற்று. பலர் பாடினாலும் பண் ஒன்றே. இப்பொழுது அப்பழைய பண்ணை ஒருவர் மிக நீட்டி, ஓரசையை நெடும்பொழுது பிடித்து நிற்க, அதன் மேலே இன்னொருவர் வேறொரு பண்ணை விரைவாகப் பாடினார். பிடித்து நிற்பவரது பகுதிக்குத் 'தெனோர்' என்று பெயர். 'பிடித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது அப்பெயர். நமது தம்புராச் சுருதியை அது ஒருவாறு நினைவூட்டும். ஆயின் தம்புரா மாறாது, தெனோரோ மெல்ல மெல்ல மாறிச் செல்வது.

மேலே சேர்ந்த குரலுக்குத் 'துப்லும்' என்று பெயரிட்டனர். இரண்டாவது என்பதே அதன் கருத்து. அதற்கும் மேலாக இன்னொரு குரலைச் சேர்த்தபோது அது 'திரிப்லும்' ஆயிற்று. நான்காவதைச் சேர்த்தபோது 'குவாத்ருப்லும்'. 1198ஆம் ஆண்டிலே பாரிஸ் மேற்றிராணியார் ஓதோ த சுல்லி, புத்தாண்டு நாளிலே ஆலயத்தில் நிகழ்ந்த களியாட்டங்களை அடக்குமுகமாக ஓர் ஒழுங்குவிதியை வெளியிட்டார். அவ்விதியிலே பாடல்களை மூன்று குரலாகவோ நான்கு குரலாகவோ பாடலாம் என அனுமதித்துள்ளார். கேலிக்கூத்தை நிறுத்தி அதற்கு ஈடாகச் சிறந்த இசையைக் கொடுத்த அம்மேற்றிராணியாரின் மதிநுட்பத்தை நான் பெரிதும் மெச்சுகின்றேன்.

இம்முறையில் ஒப்பற்றவராக விளங்கியவர் பெரோத்தின் என்பவர். அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட ஒரு பாடக் குறிப்பினாலேதான். அதனை எழுதியவர் பாரிசிலே பயின்ற ஆங்கில மாணவர் ஒருவராதல் வேண்டும் என்பர். பெயர் தெரியாது. 1864ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்த குஸ்மாக்கர், பெயரற்ற ஆசிரியர் பலரது நூல்களை வரிசைப்படுத்தியபோது இது நான்காவதாக நின்றது. ஆகவே 'நான்காம் பெயரிலி' என்றே அவர் இன்றும் வழங்கப்படுகின்றார். ஆசிரியரின் பாடத்தைக் கவனமாகக் குறித்துக்கொண்ட ஒரு மாணவர் இல்லையேல் ஐரோப்பிய இசை வரலாற்றிலே ஒரு பெருங் கலைஞரின் பெயர் அழிந்தே போயிருக்கும்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். திரிப்லும் என்ற பெயரிலே தொடக்கத்தில் உயர்வு என்ற கருத்து இல்லை. பெரோத்தினின் காலத்துப் பாடல்களிலே மேற்குரல்கள் ஏறக்குறைய ஒரே எல்லைக்குள்ளேயே உலாவின. துப்லும் மேலே செல்லும்போது திரிப்லும் கீழே வரும். பின்னர் இடம் மாறும். ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். திரிப்லும் என்பது வரிசை எண் மட்டுமே. பந்தியிலே மூன்றாவதாக இருப்பவர் உயரமானவராக இருக்கவேண்டும் என்ற விதி உண்டா?

மாற்றம் மெல்ல மெல்ல வந்தது. துப்லுமுக்குச் சொற்களை அமைத்துப் பாடத் தொடங்கினர். சொல்லைப் பிரெஞ்சிலே 'மோ' என்பர். ஆகவே சொல் பெற்ற குரல் 'மொத்தெத்துஸ்' என்னும் புதுப்பெயரைப் பெற்றது. துப்லும் என்ற பழம்பெயர் மறைந்தது. நான்காம் குரல் அருகியே வந்தமையால் குவாத்ருப்லுமும் வழக்கொழிந்தது. எஞ்சி நின்றது திரிப்லுமே. அதற்கு வேறு சொற்கள், சில வேளைகளில் வேறு மொழி கூட! கீழே தெனோர் திருச்சபைப் பண்ணை இலத்தீனில் இழுத்து நிற்க, மேலே திரிப்லும் பிரெஞ்சிலே காதற்பாட்டுப் பாடிய விந்தையும் நிகழ்ந்தது. 14ஆம் நூற்றாண்டிலே, 1377இல் மறைந்த மஷோ என்ற கவிஞரின் ஆக்கங்களிலே, திரிப்லும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் மேலே நின்று மிகுதியான சொற்களை மிக விரைவாகப் பாடிச் செல்வதைக் காணலாம். மூன்றாவது குரல் என்றால் மேற்குரல் என்ற நிலை இவ்வாறு உண்டாயிற்று. எண் மறந்துபோயிற்று, இடம் நிலைத்தது. ட்றெபிள் உயர்ந்த குரலானதற்கு அறிஞர் பலரும் கூறும் காரணம் இதுவே. நான்காவதாக நின்ற குவாத்ருப்லுமுக்கு உச்சக் குரல் என்ற பொருள் நிலைபெறாமை இதற்கு வலுவூட்டும். எண் பெரிதானதால் ஒலி உயர்ந்திருக்குமாயின் அதுவல்லவா மிக உயர்ந்திருக்கவேண்டும்?

'டபிள்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியையும் இங்கே கூறிவிடலாம். அது இசையிலே எதிர்த்திசையிற் சென்றது. 'டபிள் பேஸ்' என்னும் பெரிய நரம்புக் கருவி, எழுதப்பட்ட சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. மும்மடங்கு மேலே ஏறிற்று. இருமடங்கு கீழே இறங்கிற்று. சொற்கள் கணித விதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

இங்கிலாந்திலே இச்சொல் ஆலயப் பாடகரிடையே வேரூன்றியது. பேராலயப் பாடற் குழுக்களிலே பெண்களுக்கு இடமிருக்கவில்லை. உச்சக் குரலைப் பாடக் குரல் உடையாத சிறுவரையே நாடவேண்டியிருந்தது. 1500ஆம் ஆண்டளவிலே தொகுக்கப்பட்டு ஈற்றன் கல்லூரியிலே இன்றும் பேணப்படும் பெரிய பாடற்சுவடியில் மிக உயர்ந்த குரலுக்கு இலத்தீனிலே 'திரிப்லெக்ஸ்' என்று பெயர். அதற்கு அடுத்துக் கீழே நிற்பதை ஆங்கிலேயர் 'மீன்' என்றனர். நடுவிலுள்ளது என்பதே பொருள். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை அறிந்த நமக்கு அப்பெயரைக் கேட்டுப் புன்முறுவல் செய்யாதிருத்தல் அரிது.

சிறுவர் பாடியமையால் ட்றெபிள் சிறுவர் குரலுக்கே உரிய பெயராயிற்று. செகப்பிரியரின் முதியவர் மீண்டும் ட்றெபிளுக்குத் திரும்புகின்றார் என்பதன் நயம் இப்போது விளங்கும். அவர் இழந்தது குரலின் வலிமையை மட்டுமன்று. பதின்மூன்று பதினான்கு வயதிலே உடைந்து ஆண்குரலாகிய அது, ஆயுள் முடிவிலே உடைவதற்கு முன்னிருந்த நிலையை நாடிச் செல்லுகின்றது. அக்காலத்து நாடக அரங்கிலே பெண் வேடங்களையும் குரல் உடையாத இளைஞரே தாங்கினர். ஆகவே அரங்கிலிருந்தோருக்கு அந்தக் குரல்மாற்றம் நன்கு பழக்கமான ஒன்று. மும்மடங்கு என்ற பொருள் அங்கே தலைகாட்டவே இடமில்லை.

இவ்விடத்திலே நம் இசை மரபையும் ஒருகால் திரும்பிப் பார்த்தல் தகும். மொழிபெயர்ப்பவன் கைக்கு வேண்டிய சொற்கள் அங்கேதானே உள்ளன. வடநூலார் மந்தரம், மத்திமம், தாரம் என மூன்று ஸ்தாயிகளைக் கூறி, அவை முறையே நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் பிறப்பன என்பர். தமிழ் நூலார் மெலிவு, சமன், வலிவு என்றனர். உச்சமாகிய தாரம் வரிசையிலே மூன்றாவதாக நிற்பதைக் கண்டு, அதனை ட்றெபிளோடு முடிச்சுப்போட எண்ணுவோரும் இருப்பர். வேண்டா. வடமொழித் தாரம் 'கடத்தல்' என்ற வேரோடு இயைக்கப்படுவது. 'திரி' என்னும் எண்ணோடு அதற்கு உறவில்லை. பழந்தமிழிலோ தாரம் என்பது குரல், துத்தம் முதலாக வரும் ஏழிசையுள் இறுதியானதன் பெயர். இவ்வேழிசையைப் பற்றி விரிவாக அறிய விரும்புவோர் 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூலை நாடுக. செகப்பிரியரைச் 'செகசிற்பியார்' ஆக்கி 1926இல் மதங்க சூளாமணியை எழுதியவரும் அவரே.

மூன்று மொழியாரும் உயர்ந்த ஒலிக்குப் பெயரிட்ட வகையை ஒப்பிட்டுப் பார்த்தால் சுவை பயக்கும். தமிழர் பாடுவோன் செலுத்தும் ஆற்றலை நோக்கி வலிவு என்றனர். இலத்தீன் வழியினர் உயரத்தை நோக்கி 'அல்துஸ்' என்றனர், அதுவே 'ஆல்டோ'. தெனோருக்கு மேலே நின்ற குரலுக்கு வைத்த அப்பெயர், அதற்கும் மேலே வேறு குரல்கள் வந்தபின்பும் மாறவில்லை. அதனால் இன்று பெண்குரல்களிலே தாழ்ந்ததற்கு 'உயர்ந்தது' என்று பெயர்! ஆங்கிலேயர் ஆற்றலையும் நோக்கவில்லை, உயரத்தையும் நோக்கவில்லை. எத்தனையாவது ஆள் என்று எண்ணி முடித்தனர்.

எண்ணால் ஒலியைக் குறிக்கும் வழக்கம் நம்மிடத்திலும் இல்லாமற் போகவில்லை. ஆர்மோனியம் வந்தபின், 'ஐந்து கட்டையிலே பாடினார்', 'ஆறு கட்டைச் சுருதி' என்றெல்லாம் பேசுகின்றோம். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிய உச்சச் சுருதியைப் பற்றிப் பழைய இரசிகர் பேசும்போதெல்லாம் 'கட்டை' கணக்கு வந்தே தீரும். கட்டை என்பது ஆர்மோனியத்திலே விரல் வைக்கும் மரத்துண்டு. இன்று அது சுருதியின் அளவாகிவிட்டது. திரிப்லுமின் கதையிலிருந்து இது வெகு தூரமன்று.

அப்படியாயின் ட்றெபிளைத் தமிழில் எவ்வாறு எழுதுவது? ஒரே சொல்லால் எங்கும் நிரப்ப முயல்வதே தொல்லைக்கு வித்து. கணக்குப் பாடத்திலே மும்மடங்கு என்க. பல குரற் பாடலிலே 'மேற்குரல்' என்பது பொருந்தும். 'வலிவுக் குரல்' என்றும் கூறலாம். வானொலிப் பெட்டியிலே ஒலியைச் சீர்செய்யும் குமிழின் அருகே அச்சொல் பொறிக்கப்பட்டிருந்தால் அது உச்ச ஒலி. மேற்குரல் என்றால் அங்கே பொருளில்லை. மேனாட்டு இசைக் கோடுகளின் தலைப்பிலே சுருண்டு நிற்கும் ட்றெபிள் குறியைச் சிலர் 'மும்மைக் குறி' என மொழிபெயர்க்க முற்படலாம். அது உண்மையில் 'ஜி' என்ற எழுத்தின் உருமாறிய வடிவம், கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நின்று அச்சுரத்தின் இடத்தைக் காட்டுவது. 'உச்சக் குறி' என்பதே அதற்குப் போதும். செகப்பிரியரின் முதியவருக்கோ உச்சம், வலிவு ஆகிய இரண்டும் பொருந்தா. அங்கே வலிமை குன்றிய ஒருவன் நிற்கின்றான். 'பிள்ளைப் பருவத்துக் கீச்சுக்குரல்' என்றால் அவன் நமக்கு முன் வந்து நிற்பான். கீச்சு என்பது இலக்கிய நடைக்கு ஒவ்வாது என்று முகஞ்சுளிக்கும் ஆசிரியரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலியைப் பிடித்துத் தரும் சொல் எவ்விடத்திலும் நல்ல சொல்லே.

'சிறுவன் குரல்' என்று எங்கும் எழுதுவதும் இனிச் செல்லாது. 1991ஆம் ஆண்டிலே சோல்ஸ்பரிப் பேராலயம் சிறுமியருக்கென ஒரு பாடற்குழுவை அமைத்தபின், வேறு பேராலயங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இன்று சிறுமியரும் ட்றெபிள் எனப்படுகின்றனர். இங்கிலாந்தின் கோயிற் கோபுரங்களிலே தொங்கும் மணிகளுக்கும் இதே பெயர் உண்டு. மிகப் பெரிய, தாழ்ந்த ஒலியுடைய மணி 'டெனர்'. மிகச் சிறிய, உயர்ந்த ஒலியுடைய மணி 'ட்றெபிள்'. மணியடிப்போர் இறங்குவரிசையில் அடிக்கும்போது ட்றெபிளிலேதான் தொடங்குவர். மூன்று என்னும் பெயரைத் தாங்கிய அந்த மணிக்கு அவர்கள் இட்டிருக்கும் இலக்கம் 1.